கொசுக்காவின் வலது கை

சம்பளப் பதிவேட்டைத் தவிர அந்த ஆஸ்பத்திரியில் வேறு எங்கும் அவளுடைய உண்மைப் பெயர் புழங்கியதில்லை. டாக்டர்களிலிருந்து தரை துடைக்கிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் கொசுக்காதான். ரத்தம் எடுக்கும் அறையில் காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் மதியம் ஒரு மணிக்குள் எழுபது, எண்பது பேரைப் பார்த்துவிடுவாள். ஊசி குத்தியதே தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தபடி காத்திருக்கிறவரிடம், "எழுந்திரிங்க, முடிஞ்சு போச்சு" என்பாள். அதை ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்த வார்டு ஆயாம்மா, "கொசு கடிச்சாக்கூட தெரியும், நீ கடிச்சா தெரியலையேடி" என்று சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை. போன் அடித்தால், "கொசு பேசுறேன், சொல்லுங்க" என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

இருபத்துநாலு வருஷம் அந்த நாற்காலி. முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்காது, நரம்புகள் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வந்து, "என்னைத் தெரியுதாம்மா?" என்று சிரித்தால் விழிப்பாள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினால்தான், "அட, நீங்களா! தொட்டா நழுவி ஓடுற நரம்பு. இடது கையிலதான் கிடைக்கும்" என்பாள். கைராசிக்காரி என்று பேர். இரண்டு பேர் ரத்தம் எடுக்க உட்கார்ந்திருந்தாலும் ஜனங்கள் அவள் வரிசையில்தான் நிற்பார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டால் வீடு. இரண்டாவது மாடியில் ஒரு அறை, சமையலறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. கல்யாணம் என்று ஒன்று நடந்து பதினோரு மாதத்தில் முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் கேட்க வேண்டாம். அதன்பிறகு அம்மாவும் அவளுமாக இருந்தார்கள். அம்மா போய் நாலு வருஷம். ஒரே தம்பி எங்கோ தூர தேசத்தில், பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "சாப்பிட்டியாக்கா?" என்பான். "ஆச்சுடா" என்பாள். அங்கே மழையா, இங்கே வெயிலா என்பதோடு பேச்சு முடியும்.

ஐம்பத்தொரு வயதில், குளிர் ஆரம்பித்த ஒரு சாயங்காலம், பரண்மேல் கிடந்த கம்பளியை எடுக்கலாம் என்று பிளாஸ்டிக் முக்காலி போட்டு ஏறினாள். கம்பளி கைக்கு வந்துவிட்டது. முக்காலிதான் காலை விட்டுப் போய்விட்டது. விழும்போது எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். வலது கையைத் தரையில் ஊன்றினாள்.

சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டைப் பார்த்தாள். முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தமாதிரி வளைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வளைவை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். "ஐயோ" என்று ஒரு தடவை கத்தினாள். கேட்க ஆளில்லாத வீட்டில் இரண்டாம் தடவை கத்துவதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து, கம்பளியை மடியில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரோடு சாய்ந்திருந்தாள். கதவில் மேல்தாழ்ப்பாள் போட்டிருந்தது. பழகிப்போன அந்த இறுகிய தாழ்ப்பாளை இடது கையால் இழுத்துத் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது. திறந்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், "என்னக்கா, இந்த நேரத்துல டியூட்டியா?" என்றார்.

"இல்ல டாக்டர். இன்னைக்கு நான்தான் பேஷண்ட்டு."

எலும்பை இழுத்து நேராக வைத்துக் கட்ட வேண்டும், அதற்குச் சம்மதப் படிவம் வேண்டும். கணினியின் முன்னால் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: "கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"வீட்டுக்காரர், பிள்ளைங்க, அண்ணன் தம்பி... யாராவது ஒருத்தர் கையெழுத்து போடணுமேம்மா."

"எனக்கு நானே போட்டுக்கறேன்."

"உங்க கைதானேம்மா உடைஞ்சிருக்கு."

அது உண்மைதான். கடைசியில் வார்டு ஆயாம்மாவைக் கூப்பிட்டார்கள். ஆயாம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று இருவருமே முழித்தார்கள். கணினிக்காரரே முடிவு செய்து 'தெரிந்தவர்' என்று தட்டினார். வலி அப்போது உச்சத்தில் இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையை அவள் திரையில் படித்தாள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒற்றைக் கையோடு வாழ்வது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. பற்பசை மூடியை அக்குளில் இடுக்கித் திருகினாள். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்தாள். ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவப் போனால் ரொட்டி தட்டைச் சுற்றி ஓடியது, இவள் கத்தியோடு துரத்தினாள். உள்ளாடைக் கொக்கியை முன்பக்கம் மாட்டிப் பின்னால் சுழற்றினாள். எல்லாவற்றுக்கும் ஒரு வழி கிடைத்தது, தலைமுடிக்குத்தான் கிடைக்கவில்லை. இடுப்பு வரை நீண்ட முடி. ஒரு கையால் பின்னவும் முடியாது, முடியவும் முடியாது. நாலு நாள் விரித்துப் போட்டுக்கொண்டே திரிந்தாள். கண்ணாடியில் பார்க்கவே பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் கீழே இருந்த பியூட்டி பார்லருக்குப் போனாள்.

"வெட்டிடும்மா."

"நுனியை மட்டுமாக்கா?"

"கழுத்தோட."

பார்லர்காரி கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன். அப்புறம் என்னைத் திட்டப்போறாங்க."

"யாரும் திட்டமாட்டாங்க. வெட்டு."

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தபோது முடியைப் பற்றி அவள் சொல்லவில்லை. கை உடைந்ததைச் சொன்னாள். அவன் பதறிப்போய், "வீட்டோட ஒரு ஆள் வெச்சுக்கோக்கா" என்றான். "பார்க்கலாம்டா" என்றாள். அடுத்த வாரமும் "ஆள் வெச்சியா?" என்று கேட்டான். அதற்கடுத்த வாரம் மழையா வெயிலா என்பதற்குத் திரும்பிவிட்டார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று உள்ளே இருந்து வெளிவந்த கை அவளுடையதாகத் தெரியவில்லை. மெலிந்து, தோல் உரிந்து, மெழுகுமாதிரி வெளுத்திருந்தது. விரல்களை மடக்கச் சொன்னார் எலும்பு டாக்டர். மனசு மடக்கியது, விரல்கள் பாதியில் நின்றன.

"எலும்பு கூடிடுச்சு. ஆனா கை இன்னும் கூடல" என்றார் அவர். "கீழ்த்தளத்துக்குப் போங்க. துணி வெளுக்கிற அறைக்குப் பக்கத்துல, தொழில்வழி சிகிச்சைன்னு போர்டு இருக்கும்."

அந்தப் பலகையை இருபத்துநாலு வருஷமாகக் கடந்து போயிருக்கிறாள். வேலையில்லாதவர்களுக்கு ஏதோ கைத்தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் என்றே நினைத்திருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி சமையலறை, பாதி குழந்தைகள் பள்ளி. தண்ணீர் வராத குழாய்கள், எதையும் பூட்டாத பூட்டுகள், சட்டையே இல்லாத பொத்தான் வரிசை, தட்டில் பயறும் அரிசியும் கலந்து கொட்டி வைத்திருந்தது. ஒரு கொடி நிறைய துணிக் கிளிப்புகள், துணி மட்டும் இல்லை.

சிகிச்சை தருகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். படபடவென்று பேசுவாள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த அறையைப் பார்த்துவிட்டு அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள்.

டீச்சர் முதலில் மணிக்கட்டு வளையும் கோணங்களை அளந்தாள். ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். இடது கை இருபத்திரண்டு கிலோ காட்டியது. வலது மூன்று.

"மூணா?"

"மூணுலேருந்துதான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்கக்கா. சரி, இப்போ உள்ளங்கையை மேல பார்த்தமாதிரி திருப்புங்க. யார்கிட்டயாவது கை ஏந்துற மாதிரி."

உள்ளங்கை பக்கவாட்டிலேயே நின்றது, மேலே திரும்ப மறுத்தது.

"அது எனக்குக் கை உடையறதுக்கு முன்னாடியே வராது" என்றாள் கொசுக்கா.

பக்கத்து மேசையில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். லாரி டிரைவர். தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கும்போது பிடி நழுவி, லாரி மேலிருந்து விழுந்து, அவருக்கும் மணிக்கட்டு உடைந்திருந்தது. "சரியாச் சொன்னீங்க சிஸ்டர்!" என்றார்.

"நான் சிஸ்டர் இல்ல. ரத்தம் எடுக்கறவ."

"எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. அதனால நீங்க சிஸ்டர்தான்."

டீச்சர் ஒரு படிவத்தை எடுத்தாள். "கை சரியானதும் இதை வெச்சு என்னென்ன செய்யணும்னு மூணு சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரிதான் பயிற்சி."

"ரத்தம் எடுக்கணும்."

"சரி. வீட்டுல?"

"மேல்தாழ்ப்பாள் திறக்கணும்."

"ரொம்ப நல்லது. மூணாவது?"

கொசுக்கா யோசித்தாள். டிரைவர் தன்னுடையதைச் சொன்னார்: சாயங்காலம் பெண்டாட்டியோடு சீட்டாட வேண்டும், குலுக்கிப் போட வரவில்லை, அவள் போட்டால் ஏமாற்றுகிறாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண், மகளுக்குத் தலை வாரிவிட வேண்டும் என்றாள். கொசுக்காவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. "யோசிச்சுட்டு அடுத்த தடவை சொல்லுங்க" என்று டீச்சர் விட்டுவிட்டாள்.

அடுத்த தடவைக்கு இடையில் இருந்த இரண்டு நாளும் அவள் அதையே யோசித்தாள். பஸ்ஸில் போகும்போது யோசித்தாள், பாத்திரத்தை ஒரு கையால் உருட்டிக் கழுவும்போது யோசித்தாள். இந்தக் கை வேறு என்ன செய்துகொண்டிருந்தது? சமைத்தது, தனக்கு. துவைத்தது, தனக்கு. அம்மா இருந்தவரை மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தது, காலுக்கு எண்ணெய் தடவியது. அதன்பிறகு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு அவமானமாக இருந்தது. வீட்டுப்பாடம் செய்யாமல் போகிற பிள்ளைமாதிரி அடுத்தமுறை போய், வாயில் வந்ததைச் சொன்னாள்: "தம்பி பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் பின்னணும்."

டீச்சர் முகம் மலர்ந்துபோயிற்று. மறுமுறை அவள் வந்தபோது மேசையில் நீலக் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும் காத்திருந்தன. பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாளில் பின்னல் ஊசியைத் தொடாதவள் அதை எப்படிப் பிடிப்பாள்? ரத்த ஊசியைப் பிடிக்கிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"எல்லாரும் ஏதாவது சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் வரல."

டீச்சர் நூலை ஓரமாக எடுத்து வைத்தாள். படிவத்தில் மூன்றாவது வரியை அடித்துவிட்டு, "காலியா இருக்கட்டும். சட்டம் ஒண்ணுமில்ல" என்றாள். சமாதானப்படுத்த வேறு எதுவும் சொல்லாமல் இருந்தது கொசுக்காவுக்கு நிம்மதியாக இருந்தது.

வாரத்தில் மூன்று மதியம் என்று அப்படியே பத்து வாரம் போயிற்று. பிசையும் களிமண்ணை உருட்டினாள், தட்டினாள், கிள்ளினாள். ஈரத் துண்டைப் பிழிந்தாள். டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிப் பாதியை மேசைக்குக் கொடுத்தாள். சுத்தியலைக் கையில் பிடித்து, அதன் கனத்திலேயே மணிக்கட்டைச் சாயவிட்டுத் திருப்பினாள். கண்ணில் நீர் வரும் அளவுக்கு வலித்தது. வீட்டிலும் அதையே செய்தாள், சுத்தியலுக்குப் பதில் கனமான கரண்டி.

இதற்கெல்லாம் முன்னால் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் கை நீவல் உண்டு. கையை வெந்நீரில் வைத்து எடுத்தபின், டீச்சர் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு மூட்டாக அசைத்துக் கொடுப்பாள். லட்சக்கணக்கான கைகளைத் தொட்டவள் கொசுக்கா. அவள் கையை ஒருவர் பிடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. முதல் வாரம் வலி ஒன்றுதான் தெரிந்தது. மூன்றாம் வாரத்தில் வலி குறைந்தபோது மற்றது தெரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள்.

மாடியில் அவளை டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றியிருந்தார்கள். அவள் நாற்காலியில் வேறு பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் ஜனங்கள், "அந்தக் கைராசிக்காரம்மா எங்கே?" என்று ஜன்னலில் வந்து கேட்டார்கள், கேட்பது அவளிடமே என்று தெரியாமல். ஒரு மாதத்தில் கேட்பதும் நின்றது. புதியவளும் நன்றாகத்தான் எடுத்தாள்.

எட்டாம் வாரம் பிடிப்பு பதினாறு கிலோவைத் தொட்டது. "இன்னும் ரெண்டு வாரம். பதினெட்டு வந்துட்டா உங்களை அனுப்பிடலாம்" என்றாள் டீச்சர் சந்தோஷமாக. டிரைவர் கைதட்டினார்.

அடுத்த முறை கருவி பதினொன்று காட்டியது. அதற்கடுத்து ஒன்பது.

டீச்சர் புருவத்தைச் சுருக்கினாள். வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எலும்பு டாக்டரைக் கேட்டு ஒரு எக்ஸ்ரே படமும் எடுக்க வைத்தாள். படத்தில் ஒரு குறையும் இல்லை. "வலிக்குதாக்கா?" என்றால், "கொஞ்சம்" என்பாள். இப்படி ஒரு வாரம் போயிற்று. ஒருநாள் டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திணறினார். கொசுக்கா ஏதோ யோசனையாக அதை வாங்கி, வலது கையால் ஒரே திருகில் திறந்து அவரிடம் நீட்டிவிட்டு, அளவு எடுக்கிற மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கருவியை அழுத்தினாள்.

ஒன்பது.

டீச்சர் அதைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொசுக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போயிற்று.

டிரைவர் போகும்வரை டீச்சர் வேறு வேலை பார்த்தாள். அவர் போனபின் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை அழுத்துங்கக்கா. நிஜமா."

கொசுக்கா கருவியை விரல்களுக்குள் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு அழுத்தினாள். முள் பத்தொன்பதில் போய் நின்றது.

"திட்டறதுன்னா திட்டிடும்மா" என்றாள். "இந்த வயசுல இப்படிப் பண்ணினேன்னு எனக்கே கூசுது. இங்க வர்ற மூணு நாளும் ஒரு மாதிரி இருக்கும். வராத நாள் வேற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"திட்டலக்கா." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆனா எனக்கு வரிசையில இருபத்திமூணு பேர் காத்துட்டு இருக்காங்க. கை மடங்காம உட்கார்ந்திருக்காங்க. உங்களை நான் வெச்சுக்க முடியாது."

"தெரியும்."

"கோபமா?"

"சேச்சே. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

அன்றைக்கு நேரம் முடிந்தபின்னும் டீச்சர் ஒரு தடவை அவள் கையை வெந்நீரில் வைத்து நீவிவிட்டாள். அது சிகிச்சையில் சேர்ந்தது இல்லை. இருவருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு படிவத்தில் தேதி போட்டு முடித்தாள்.

திங்கட்கிழமை கொசுக்கா பழைய நாற்காலிக்குத் திரும்பினாள். முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, நூல்மாதிரி மெல்லிய நரம்பு. ஊசி உள்ளே போயிற்று, ரத்தம் வரவில்லை. கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள். "ஆ, வலிக்குது" என்றார் அந்த அம்மா. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் காதில் விழுந்த வார்த்தை. ஊசியை எடுத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க, அந்தக் கையைக் குடுங்க" என்றாள். மணிக்கட்டை வளைக்க முடியாத இடத்தில் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. அது பிடிபட்டதும் இரண்டாவது குத்தில் ரத்தம் ஒழுங்காக வந்தது. அன்று மதியத்துக்குள் முப்பத்தொரு பேர். ஒரு மாதத்தில் அறுபது. எண்பதை அந்தக் கை திரும்பத் தொடவே இல்லை.

சிகிச்சை இருந்த மதியங்களில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஒரு மணிக்கு வேலை முடிந்து நேராக வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், கையில் அகப்பட்ட பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். கண்டக்டர் ஒருநாள், "எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டாள். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டாள். ஆஸ்பத்திரி நடையில் எப்போதாவது டீச்சரைப் பார்த்தால், டீச்சர் தூரத்திலிருந்தே உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டி, 'வருதா?' என்று சைகையில் கேட்பாள். 'பரவாயில்லை' என்று இவள் தலையாட்டுவாள். இருவருக்கும் நிற்க நேரமிருக்காது.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் அவள் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. தெரியாத எண்.

"சிஸ்டர், நான்தான், லாரி. ஆயாம்மாகிட்ட நம்பர் வாங்கினேன். நாளைக்கு சுகர் டெஸ்ட்டு. காலையில டீ குடிக்கலாமா, கூடாதா?"

"கூடாது. தண்ணி குடிக்கலாம்."

"சர்க்கரை போடாம குடிச்சா?"

"அதுவும் கூடாதுங்க."

"சரி. உங்க வரிசையிலதான் நிப்பேன்." போனை வைப்பார் என்று பார்த்தால் அவர் வைக்கவில்லை. குளிரில் மணிக்கட்டு இழுக்கிறதா என்று கேட்டார். இழுக்கிறது என்றாள். தனக்கும் இழுக்கிறது என்றார். பின்னால் அவர் பெண்டாட்டி யாரிடம் இவ்வளவு நேரம் என்று அதட்டுவது கேட்டது. "ரத்தம் எடுக்கறவங்கடி" என்று அங்கே பதில் சொல்லிவிட்டு, இங்கே மறுபடி சீட்டாட்டத்தைப் பற்றி ஆரம்பித்தார். இப்போது அவரே குலுக்குகிறாராம், ஆனாலும் தோற்கிறாராம்.

கொசுக்கா போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். அவர் பேசிக்கொண்டே இருக்க, வெங்காயத்தை எடுத்து, வலது கையில் கத்தியைப் பிடித்து, மெதுவாக நறுக்க ஆரம்பித்தாள்.